மஞ்சளில் நின்ற பெயர்

யார் கையும் படாத கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாட்டை முஹ்சினா முந்தின நாள் சாயங்காலம்தான் எழுதி முடித்திருந்தாள். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளும் அச்சாபீஸ்களுமாகப் பதினொரு ஆபீஸ்கள், விருதுநகரில் இருந்து அவள் செய்துகொடுத்த வலைப்பக்கத்தில்தான் ஆர்டர் ஏற்றின. ஏற்றுகிற மகராசர்கள் பக்கத்தைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். வேறு யாராவது வந்து தப்பாகத் தட்டி வைப்பார்கள். பழி முஹ்சினா தலையில் விழும். இனி அந்தக் கதை நடக்காது. மவுஸும் கீபோர்டும் ஐந்து நிமிடம் அசையாவிட்டால் அவள் திரையில் பச்சையாக இருக்கும் அந்த ஆபீஸின் பெயர் மஞ்சளாகும். பத்து நிமிடமானால் அந்த ஆபீஸின் பக்கம் தானாக மூடிக்கொள்ளும், பெயரும் மறைந்துவிடும்.

"இது மட்டும் சொதப்புச்சுன்னா பதினொரு முதலாளியும் என்னையத்தான் கிழிப்பாக, பாத்துக்க," என்று சொல்லிவிட்டு அவளுடைய முதலாளி சங்கிலிமுத்து காலையிலேயே சாத்தூர் போய்விட்டார். நல்ல வார்த்தை சொன்னால் வாய் வலிக்கும் அவருக்கு.

பெருநாள் முடிந்து நாலு நாள், தீபாவளிக்கு மூன்று வாரம். சீசன் சூடு. பதினொன்றே கால் மணிக்கு ஒரு பெயர் மஞ்சளானது. பின்னாலேயே இன்னொன்று. ஒரு நிமிடத்துக்குள் பதினொன்றும் மஞ்சள்.

பதினொரு ஆபீஸும் சேர்ந்து டீ குடிக்கப் போகுமா? தான் எழுதியதில்தான் கோளாறு என்று முஹ்சினா ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொருவரும் கடைசியாகக் கை வைத்த நேரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. எல்லோருக்கும் பதினொன்று பத்து.

ஆனைக்குட்டம் பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் ஏற்றுகிறவள் அவளுடைய தங்கச்சி சுமைரா. அவளிடம் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தாள். லைன் கிடைக்கவில்லை. செல்லும் போகவில்லை. வேறு இரண்டு ஆபீஸுக்கு அடித்தாள். அங்கேயும் அதே கதைதான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த வட்டாரத்தில் பெரிய சத்தம் கேட்டால் ஒருத்தரும் நாற்காலியில் இருக்க மாட்டார்கள். பாதி எழுத்தில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள். "யா அல்லா, கோளாறு என்னுதாவே இருக்கட்டும்," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பதினொன்று பதினெட்டுக்கு ஓர் அச்சாபீஸ் பச்சையானது. புகை தங்கள் பக்கம் இல்லை என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பத்துப் பெயர் பச்சை. ஆனைக்குட்டம் மட்டும் மஞ்சள்.

மணி பதினொன்று பத்தொன்பது. இன்னும் ஒரு நிமிடத்தில் அந்தப் பெயர் மறைந்துவிடும். முஹ்சினா சர்வரைத் திறந்து, பத்து என்று தானே எழுதியதை அழித்து அறுபது என்று போட்டாள். அதனால் அங்கே ஒரு துரும்பும் நகராது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அந்தப் பெயர் போவதை உட்கார்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

அங்கே லேபிள் ஒட்டும் இருளம்மாள் ஞாபகத்துக்கு வந்தாள். பெருநாளுக்கு உம்மா கொடுத்தனுப்பிய பிரியாணித் தூக்குவாளியை இன்னும் திருப்பித் தராதவள். சுமைரா மத்தியானச் சோற்றை அவளோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். இன்றைக்கு நேரத்தோடேயே அவள் வேலை செய்யும் ஷெட் பக்கம் போயிருந்தால்?

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஆனைக்குட்டம் பச்சையானது.

முஹ்சினாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே பயம் திரும்பவும் பிடித்துக்கொண்டது. கை அசைந்தது என்றுதான் இது சொல்லும், யார் கை என்று சொல்லாது. அந்த ஆபீஸின் ஆர்டர் பக்கத்தைத் திறந்தாள். பாதியில் நின்ற புஸ்வாண ஆர்டருக்குக் கீழே, இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ் ஏறியது.

"லாத்தா நான் நல்லாருக்கேன். எண்ணிக்கை 1."

அவளை லாத்தா என்று கூப்பிடுவது தங்கச்சி ஒருத்திதான். எண்ணிக்கை போடாமல் எந்த வரியும் பதியாது. முஹ்சினா வைத்த சட்டம்தான்.

"போன் போகல. அடிபட்டவுகள வேன்ல விருதுநகருக்குக் கொண்டு வாராக. பெரியாஸ்பத்திரில பேர் சொல்லிரு. எண்ணிக்கை 1."

உள்ளூர் லைன் முதல் தடவையே கிடைத்தது. ஆஸ்பத்திரியில் எடுத்தவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பெயர்கள் ஏற ஏற வாசித்தாள்.

"ஊர்க்காவலன். எண்ணிக்கை 1."

"பத்திரகாளி. எண்ணிக்கை 1."

"இருளம்மாள். எண்ணிக்கை 1."

மூன்றாவதைத் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். எதிர்முனையில் "சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார்கள். சத்தமாகச் சொன்னாள். நான்காவது ஏறியது. ஐந்தாவது. ஆறாவது.

இவ்வளவு நேரம் அசைய வேண்டும் என்று தவம் கிடந்த அதே கை, இப்போது நின்றுவிட வேண்டும் என்று முஹ்சினா அல்லாவிடம் கெஞ்சினாள். ஆனைக்குட்டத்தின் பெயர் பச்சையாகவே இருந்தது.

"அம்புட்டுத்தானம்மா?" என்றார் ஆஸ்பத்திரிக்காரர்.

"வச்சிராதீக," என்றாள் முஹ்சினா. "இன்னும் அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கா."