ஒயரக்காவின் இடது மணிக்கட்டு

கார்களுக்குப் பாட்டுப்பெட்டி பொருத்தும் கடையில் ஒயரிங் வேலை பார்த்த ஒயரக்காவுக்கு, முப்பத்தெட்டாவது வயதில் இடது மணிக்கட்டின் தோலுக்கடியில் செம்புக்கம்பி தெரிய ஆரம்பித்தது. முதலில் ஒரு சிவப்புத் தடிப்பு, அப்புறம் ஒரு சிராய்ப்பு, மழைக்காலம் முடிவதற்குள் சிராய்ப்பின் நடுவே மெல்லிய இழைகளாகச் செம்பு. ரத்தம் இல்லை, சீழ் இல்லை. தோல் டாக்டர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். கம்பியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வெளியே இன்னும் பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

காரணம் ஒயரக்காவுக்குத் தெரியும். பாட்டு எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், பேட்டரியிலிருந்து டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் சுண்டுவிரல் தடிமனில் போகிற சிவப்பு ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது என்பாள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுவாள். பேட்டரியிலிருந்து ஒரு ஜாண் தள்ளி ஃப்யூஸ். சிவப்பு ஒயர் இடப்பக்கக் கதவோரம் தரைவிரிப்புக்கு அடியில், பாட்டு ஒயர்கள் வலப்பக்கம். இரண்டையும் ஒன்றாகப் படுக்கவைத்தால் ஸ்பீக்கருக்குள் கொசு பாடும். என்ஜினுக்கும் உள்ளே ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் உண்டு, அதில் போட்ட ஓட்டை வழியாகத்தான் ஒயர் உள்ளே வரும். அந்த ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். ரப்பர் வளையம் மாட்டாமல் விட்டால், வண்டி குலுங்கக் குலுங்கத் தகரம் ஒயரின் தோலை அறுத்து அறுத்து, ஒருநாள் செம்பைத் தொடும். மறந்துவிடக் கூடாதே என்று அந்த வளையத்தை வேலை முடிகிறவரை மோதிரம் போல விரலில் போட்டுக்கொள்வது அவள் பழக்கம். விரல் காலியானால் வேலை சுத்தம் என்று அர்த்தம். பதினான்கு வருஷம் அப்படித்தான் நடந்தது.

தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்த ஒரு வாரத்தில் அந்தக் கணக்கு தவறியது. பதினொரு வண்டிகள், ஒன்று முடியுமுன் இன்னொன்று. ஊஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி செய்வது அவளுடைய புருஷனின் வேலை, அதனால் அவர் ஊருக்கெல்லாம் பெட்டிக்காரர். ஒரு டிக்கிக்கு இரண்டு விரற்கடை பெரிதாகப் பெட்டி செய்துவிட்டு, அளவு சொன்னது நீதான் என்று அவளிடமே மல்லுக்கு நின்றார். அவளா விடுவாள்? வாய் சண்டையில் இருக்க, கை ஒயரை இழுத்தது, பானட்டை மூடியது. சாயங்காலம் சோப்பு போட்டுக் கை கழுவும்போது பார்த்தால், மோதிர விரலில் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது வளையம். வருகிறவர்களின் சீட் நிறம் அவளுக்கு ஞாபகம் இருக்கும், முகம் இருக்காது. விசாரித்து விசாரித்துப் பத்து வண்டிகளைப் பிடித்துவிட்டாள், பத்திலும் வளையம் சரியாக இருந்தது. சாம்பல் நிறச் சீட்டுள்ள பதினோராவது வண்டி மட்டும் போன இடம் தெரியவில்லை. விரலிலிருந்த வளையத்தை அவள் கழற்றவில்லை.

வளையத்தைக் கண்ட மறுநாளே மணிக்கட்டு அரிக்க ஆரம்பித்தது. அந்த வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் இவளுக்குக் கை துள்ளும். பானட்டில் வெயில் அடித்தால் முழங்கை வரை சுடும். பிறகு சத்தங்களும் வந்தன. ஓட்டுகிறவர் ஊர் ஊராக மருந்துக்கடைகளுக்குப் போகும் மருந்துக் கம்பெனிக்காரர், பக்கத்தில் அவர் மனைவி, பின்சீட்டில் ஐந்து வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அந்த மனைவியின் தாய்வீட்டுக்குப் போனார்கள். தாய்வீடு கடற்கரையில். டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்திருந்த ஒயரக்காவின் மணிக்கட்டிலிருந்து அலைச் சத்தம் கேட்டது. அவள் கடலைப் பார்த்ததே கிடையாது. மூன்று மணி நேரத் தூரம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதானே கடையில் கூட்டம்? அடுத்த வாரம் போகலாம் என்று பெட்டிக்காரர் சொல்லிச் சொல்லிப் பதினான்கு வருஷம் ஓடிவிட்டது.

ஒருநாள் சீட்டைத் தூக்கியபோது தூசி ஏறி அவள் பலமாகத் தும்மினாள். உடனே மணிக்கட்டிலிருந்து குழந்தையின் குரல் வந்தது.

"நூறு!" என்றது, தும்மினவர்களை நூறு வயசு என்று வாழ்த்துகிற பழக்கத்தில். "அப்பா, ஸ்பீக்கருக்குள்ள யாரோ தும்முறாங்க."

"ரேடியோவா இருக்கும்மா" என்றார் அப்பா.

தான் பேசினால் அங்கே கேட்கும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று. சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. இன்னும் ஒரே ஒரு கடல், அப்புறம் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். ஒன்று இரண்டாகி மூன்றானது. அலை வந்து திரும்பும்போது உள்ளங்கையில் மணல் இழுபடுவது போலிருக்கும், அப்போது ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். செம்பு தெரிய ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. பெட்டிக்காரர் ஒன்றும் கேட்காமல் தினமும் காலையில் அந்தக் கைக்குத் துணி சுற்றிவிட்டார்.

ஒரு புதன்கிழமை அவள் நெஞ்சுக்குள் ஏதோ டப்பென்று விட்டது. அதோடு பாட்டு நின்றது, குழந்தையின் குரல் நின்றது. செம்பு தகரத்தைத் தொட்டிருக்கிறது, ஃப்யூஸ் தன் உயிரைக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது. எந்தக் கடைக்காவது கொண்டுபோவார்கள், பார்த்துச் சரிசெய்வார்கள். நிம்மதியில் கொஞ்சமும், இனிக் கடல் இல்லையே என்று மீதியும் அழுதாள். மூன்றாம் நாள் டீ குடித்துக்கொண்டிருந்தவளுக்கு நாக்கில் வெள்ளித் தாள் ருசி தட்டியது, கூடவே மாத்திரைக் கசப்பு. அடுத்த வாய் குடிப்பதற்குள் பாட்டு திரும்ப வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னாச்சு?" என்றார் பெட்டிக்காரர்.

"மாத்திரை அட்டைய உரிச்சு ஃப்யூஸ்ல சுத்திட்டாருங்க."

"யாரு?"

"எந்த மகராசனோ. இனிமே ஒயர் தகரத்தத் தொட்டா டப்புன்னு விடாது. எரியும்."

சொல்லி முடிப்பதற்குள் துணிக்குள்ளிருந்து புகை வாசனை வந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் குழந்தை பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. ஒயரக்கா துணியைப் பிய்த்தெறிந்துவிட்டு மணிக்கட்டை வாயோடு வைத்துக் கத்தினாள்.

"சார், வண்டிய ஓரங்கட்டுங்க!"

"யாரு? யாருங்க அது?"

"உங்க வண்டிக்கு ஒயரிங் பண்ணவ. ஃப்யூஸ்ல வெள்ளித் தாள் சுத்துனது நீங்கதானே?"

பதிலுக்கு மனைவியின் குரல்தான் வந்தது: "நான் அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?"

"அம்மா, அவரை அப்புறம் திட்டிக்கலாம். பாப்பாவத் தூக்கிட்டு இறங்கித் தள்ளி நில்லுங்க. சார், சாவிய எடுத்தா மட்டும் போதாது, அந்த ஒயர்ல எப்பவும் கரண்ட் இருக்கும். பானட்டத் தூக்குங்க. பேட்டரிக்குப் பக்கத்துலயே நீங்க சுத்துன ஃப்யூஸ் இருக்கும். துணியால புடிச்சு அதப் புடுங்கணும்." மணிக்கட்டு கொப்பளித்தது. அவள் பல்லைக் கடித்தாள். "இருங்க. அதப் புடுங்கிட்டா நான் பேசறது உங்களுக்குக் கேக்காது. இப்பவே சொல்லிடறேன். ரப்பர் வளையம் போட மறந்தது நான். ஒரு மாசமாத் தெரிஞ்சும் சொல்லாம இருந்ததும் நான்தான். மன்னிச்சிடுங்க. வண்டிய இழுத்துட்டுக் கடைக்கு வாங்க. ம், புடுங்குங்க."

தள்ளிப் போயிருந்த குழந்தை, "தும்முற அக்கா உள்ளயே இருக்காங்கப்பா!" என்று கத்தியதுதான் கடைசியாகக் கேட்டது. கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்காரர் ரம்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, "அரை மணி நேரம் ஆகும், உட்காருங்க" என்று அவர்களிடம் சொன்னார்.

திங்கட்கிழமை காலை கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தகர ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது, தரைவிரிப்பின் ஓரம் உருகியிருந்தது. அதற்குப் பக்கத்தில் குழந்தையின் ஒரு செருப்பு கிடந்தது. அந்தச் செருப்பைப் பார்த்ததும் ஒயரக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். மருந்துக் கம்பெனிக்காரர் திட்டுவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார், ஆனால் அவள் கையைப் பார்த்ததும் திட்டாமல் சாவியை நீட்டினார். மாத்திரை வயிற்றுக்கு, வண்டிக்கு இல்லை என்று அவருக்குப் பெட்டிக்காரர் சொன்னதோடு சரி. அவள் எழுந்து, பழைய ஒயரை முழுவதுமாக உருவி எடுத்தாள். விரலில் இறுகிப்போயிருந்த வளையத்தைச் சோப்பு போட்டுக் கழற்றி, ஓட்டையில் உட்காரவைத்து, அதற்குள் புது ஒயரை நுழைத்தாள். ஒரு ஜாண் அளந்து புது ஃப்யூஸ் போட்டாள். பெடல் பக்கம் போகாமல் ஜாணுக்கு ஒரு கட்டு கட்டினாள். கடைசிக் கட்டை இறுக்கும்போது மணிக்கட்டில் தோல் மூடியிருந்தது. ஒரு தழும்புகூட இல்லை.

குழந்தை அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இனிமே ஸ்பீக்கர்ல வர மாட்டீங்களா?"

"வர மாட்டேன்டா கண்ணு."

"அப்போ நீங்க தும்முனா யாரு நூறு சொல்லுவா?"

பெட்டிக்காரர் ஏதோ தேடுகிறவர் போல மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பிப் போனது. பள்ளத்தில் அது இறங்கி ஏறியது கண்ணுக்குத்தான் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

பழைய ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஆனால், அதன் நுனியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டும், சில சமயம் கொஞ்சம் மணலும் விழும். தரை ஈரமாகிறதே என்று பெட்டிக்காரர் அடியில் ஒரு பிளாஸ்டிக் குவளையை வைத்தார். வருகிறவர்கள் முதல் வருஷம் என்ன ஏது என்று கேட்டார்கள், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்கள். குவளையைக் காலி செய்வது பெட்டிக்காரரின் வேலையானது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறையக் கூட்டம், சீட்டுக்கு அடியில் தலையை விட்டிருந்த ஒயரக்கா தும்மினாள். தும்மிவிட்டுப் பழக்கதோஷத்தில் ஒரு நிமிஷம் அசையாமல் காத்திருந்தாள். மணிக்கட்டு சும்மா இருந்தது. குவளையோடு சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்த பெட்டிக்காரர் நின்றார்.

"நூறு" என்றார். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து குவளையைப் பழைய இடத்திலேயே வைத்தார்.