மூன்று முறை எழுதிக் காட்டவும்

1

இந்தக் கதை ஒரு நோட்டுப் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பனை ஊற்றெடுத்து வந்தது அல்ல. அந்தப் பக்கம் இப்போதும் என் மேசைமேல் திறந்து கிடக்கிறது. பென்சிலில் பத்து வாக்கியங்கள். ஓரமெல்லாம் சிவப்பு மை. கீழே ஒரு வட்டம், அதற்குள் பத்துக்கு ஆறு.

பென்சில் யாருடையது, சிவப்பு மை யாருடையது என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஆனாலும் நான்கு நாளாக முதல் வரியே சரியாக அமையவில்லை.

"மாலை வெயில் வகுப்பறையின் சன்னல் வழியே பொன்னாக உருகி" [வேண்டாம். அந்த அறைக்குச் சன்னலே கிடையாது. ஒரு குழல் விளக்கு உண்டு. அதுவும் முனகிக்கொண்டே எரியும்.]

"ஆசிரியர் நல்லவர்." [கதை முடியட்டும். அதுவரை இது அடைப்புக்குறிக்குள்ளேயே கிடக்கட்டும்.]

"ஆசிரியருக்கு இலக்கணம் என்றால் உயிர்." இது உண்மை. இதிலிருந்து தொடங்குகிறேன்.

2

ஆசிரியருக்கு இலக்கணம் என்றால் உயிர். இந்த ஊருக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு நம் மொழியைக் கற்றுத்தரும் மாலை வகுப்பு அவருடையது. நூலகத்தின் கீழ்த்தளம், சுவரோரம் பழைய நாளிதழ்க் கட்டுகள், ஒன்பது மாணவர்கள். எல்லோரும் நாற்பதை ஒட்டியவர்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து உட்காருகிறவர்கள். அவர்களுடைய பெயர்களை உச்சரிக்க ஆசிரியரின் நாக்கு தடுமாறியதால், தொழிலே பெயராகிவிட்டது. வெல்டர், ரொட்டிக்கடைக்காரர், இப்படி. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்த பெண்ணுக்கு 'லாண்டரி அக்கா' என்று பெயர் வைத்தவர் வெல்டர்.

பாடம் சுவையாகத்தான் போகும். வெல்டரின் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவிலேயே வந்து உட்கார்ந்துவிடும். நம் மொழியில் அது கடைசியில்தான் வரும் என்றதும் அவர் அலுத்துக்கொண்டார். "யாரு என்ன பண்ணாங்கன்னு தெரியறதுக்குள்ள பஸ் போயிடும் சார்." ரொட்டிக்கடைக்காரரின் மொழியில் மேசைக்கும் நாற்காலிக்கும்கூட ஆண் பெண் உண்டு. இங்கே அவை அஃறிணை என்று கேட்டபோது அவர் மேசையைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். லாண்டரி அக்காவின் மொழியில் உயர்திணை, அஃறிணை என்ற பிரிவே இல்லை. மழை வருவதும் மகள் வருவதும் ஒரே முடிவில்தான் முடியும். 'வெள்ளை' என்று ஒரு சொல் தனியாக நிற்காது. துணி வெள்ளையாக இருப்பதே அங்கே ஒரு வினை.*

[* நம் இலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பிரிக்கிறது. எட்டு என்று எண்ணுகிற மொழிகளும் உண்டு. ஒரு மொழியின் பெட்டிக்குள் இன்னொரு மொழியின் சொல்லைத் திணித்தால் மூடி சாத்தாது என்று ஆசிரியர் சொல்வார். சொற்களைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சரி.]

பெயர்ச்சொல்லுக்கு அடியில் நீலக் கோடு, வினைக்குப் பச்சைக் கோடு என்று வண்ணப் பென்சில்களைக் கொடுத்த அன்று, லாண்டரி அக்கா முதல்முறையாக வகுப்பில் வாய் திறந்தார். துணி பிரிப்பது மாதிரிதான் என்றார். வெள்ளை ஒரு பக்கம், சாயத் துணி ஒரு பக்கம். பிறகு, தட்டுத்தடுமாறி ஒன்று சொன்னார்: "ரத்தம் துணி முதல் பிரிக்கணும் சார். அது காத்திருக்காது."

ஆசிரியர் 'ரத்தம் பட்ட துணி' என்று பலகையில் எழுதிக் காட்டினார்.

அந்தப் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பு தொடங்கும்முன் யாரோ அதை ஈரத் துணியால் துடைத்து வைத்திருப்பார்கள். சுண்ணப்பொடி பறக்காது, ஆசிரியருக்கு இருமல் வராது. யார் துடைப்பது என்று அவர் கேட்டதே இல்லை. பலகை தானாகவே சுத்தமாக இருக்கிறது என்று நினைத்திருப்பார் போலும்.

3

வகுப்புக்கு மூன்று வழக்கங்கள் இருந்தன.

வாரம் பத்து வாக்கியம், அவரவர் சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதி வர வேண்டும். திருத்திய ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று முறை எழுதிக் காட்ட வேண்டும். மூன்றாவது, வழக்கம் என்பதைவிட வாக்குறுதி. முதல் நாளே ஆசிரியர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னது அது: "பேச வரலைன்னா வெட்கப்படாதீங்க. எழுதிக் குடுங்க. நான் படிக்கிறேன்."

லாண்டரி அக்கா அதை அப்படியே நம்பினார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் எழுதிக் கொடுத்தவை இவை. கண்ணால் பார்த்து எழுதுகிறேன். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

எனக்கு மகள் ஒன்று இருக்கிறது.
மகள் வயது பதினொன்று.
மகள் என் அக்கா வீடு இருக்கிறது.
நான் நாலு வருடம் மகள் பார்க்கவில்லை.
செவ்வாய் பத்து மணி ஆபீஸ் என்னைக் கேள்வி கேட்கும்.
என் பதில் சரி, மகள் இங்கே வரும்.
என் பதில் தப்பு, மகள் வராது.
கூட ஒரு ஆள் வரலாம், ஆபீஸ் சொன்னது.
எனக்கு ஆள் இல்லை.
சார் நீங்கள் வருவது?

ஒவ்வொரு 'மகள்' அடியிலும் நீலக் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது. 'வரும்', 'வராது' இரண்டுக்கும் பச்சை.

ஞாயிறு மதியம், தேநீரை உறிஞ்சியபடி, ஆசிரியர் ஒன்பது நோட்டுகளையும் திருத்தினார். 'ஒன்று' என்பதை அடித்து 'ஒருத்தி' என்றார். 'மகள் வரும்' என்பதை 'வருவாள்' ஆக்கினார். ஓரத்தில், "மகள் உயர்திணை. மனிதரை அஃறிணையில் சொல்லலாகாது" என்று குறிப்பு எழுதினார். பத்தாவது வாக்கியத்துக்குப் பக்கத்தில், "வினா முழுமையாக இல்லை. 'நீங்கள் வருவீர்களா?' என்று இருக்க வேண்டும். மூன்று முறை எழுதிக் காட்டவும்."

கீழே: "முன்னேற்றம் தெரிகிறது."

4

திங்கள் மாலை நோட்டுகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. லாண்டரி அக்கா தன் நோட்டைத் திறந்து பத்தாவது வரியைத்தான் முதலில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டு குனிந்து எழுதினார்.

வகுப்பு முடிந்ததும் நோட்டை ஆசிரியரிடம் நீட்டினார்.

நீங்கள் வருவீர்களா?
நீங்கள் வருவீர்களா?
நீங்கள் வருவீர்களா?

மூன்றும் பிழையில்லாமல் இருந்தன. ஆசிரியர் மூன்றுக்கும் சரிக்குறி போட்டு, "இப்ப சரியா இருக்கும்மா" என்றார்.

அக்கா கொஞ்சம் நின்றார். "நன்றி சார்" என்று சொல்லி நோட்டை வாங்கிக்கொண்டு போனார்.

[இந்த இடத்தில் மழை பெய்ததாக ஒரு வரி எழுதியிருந்தேன். பெய்யவில்லை. அழ வேண்டியது வானமா என்ன?]

5

கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் ஒரு சிக்கல். அக்கா கேட்டது ஆசிரியருக்குப் புரிந்ததா, இல்லையா?

முதல் படியில் புரியவில்லை என்று எழுதினேன். ஒன்பது நோட்டு, களைப்பு, தொழில் பழக்கம். பாவம், மனிதர் எழுத்தைப் பார்த்தார், பொருளைப் பார்க்கவில்லை. படித்தவர்கள் உச்சுக்கொட்டி மன்னித்துவிடுவார்கள். என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்த ஆளுக்கு மூணு தடவையும் புரியலையாக்கும்?" என்றாள்.

"பழக்கம்தான்" என்றேன்.

"அவங்க உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க மார்க் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கீரைத் தண்டை ஒடித்தாள்.

ஆசிரியரை அவள் 'நீங்க' என்றதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் முன்பே கண்டுபிடித்திருக்கவும் கூடும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடங்களை இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். படர்க்கை இவ்வளவு நல்ல ஒளிவிடம் என்பது இந்த நான்கு நாளில்தான் தெரிந்தது. 'அவர் திருத்தினார்' என்று எழுதும்போது பேனா தயங்குவதில்லை.

நான் திருத்தினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் காகிதத்துக்கே அசிங்கம். எனக்குப் புரிந்தது. ஞாயிறு மதியம் பத்தாவது வாக்கியத்தில் என் பேனா நின்றது. அரை நொடி. இன்றைக்கு ஒருவருக்குப் போனால் நாளைக்கு ஒன்பது பேருக்கும் போக வேண்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. பயிற்சிக்காக எழுதியதாகவும் இருக்கலாமே என்று இன்னொரு நினைப்பு அதன் கையைப் பிடித்துக்கொண்டது. போவதைவிடத் திருத்துவது சுலபமாக இருந்தது. திங்கள் மாலை அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் டஸ்டரை எடுத்துப் பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டுவதற்கு வசதியாக.

நான் தினமும் கும்பிடுகிறவன். என் வேண்டுதல்களில் பாதிக்கு எழுவாயும் இருக்காது, பயனிலையும் இருக்காது. ஒரு நாளும் அவை திருத்தப்பட்டு என்னிடம் திரும்பி வந்ததில்லை.

6

புதன்கிழமை வகுப்பில் எனக்கு இருமல் வந்தது. பலகை முழுக்கப் பழைய சுண்ணப்பொடி. லாண்டரி அக்கா உட்காரும் இடம் காலி.

அவர் குடியிருக்கும் கட்டடத்தில்தான் வெல்டரும் இருக்கிறார். வகுப்பு முடிந்ததும் பதினேழாம் பக்கம் உள்ள இந்த நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நோட்டு வகுப்புக்குச் சொந்தம், வகுப்பை விட்டு நிற்கிறவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் நான் போட்ட விதிதான்.

செவ்வாயன்று நடந்ததை அவர் சொன்னார். குடியேற்ற அலுவலகத்துக்கு அக்கா தனியாகத்தான் போயிருக்கிறார். அதிகாரி கேள்விகளை வேகமாகக் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்வியிலேயே அக்காவுக்கு வாய் கட்டிவிட்டது. பதில் இல்லை என்று எழுதி, கோப்பை மூடப் போகும் நேரம். அறை வாசலில் நின்ற காவலாளி, எழுந்து வந்த அக்காவின் கையிலிருந்த நோட்டைப் பார்த்து, "என்னம்மா அது?" என்று வாங்கியிருக்கிறார். அங்கேயே நின்று பத்து வாக்கியங்களையும் படித்தார். சிவப்பு மையை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லையாம். உள்ளே போய் அதிகாரியிடம், இந்த அம்மாவுக்குத் துணைக்கு ஆள் இல்லை, இன்னொரு நாள் கொடுங்கள் ஐயா, ஆளோடு வருவார் என்று கெஞ்சியிருக்கிறார். வாசலில் நிற்கிறவர் உள்ளே வந்து பேசியதற்கு அதிகாரி முறைத்தாராம். ஆனால் நாள் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம், வியாழக்கிழமை, பத்து மணி. இதுவே கடைசி.

அந்தக் காவலாளிக்கு உரிச்சொல் எது, இடைச்சொல் எது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ரத்தம் பட்ட துணியை முதலில் பிரிக்கத் தெரிந்திருக்கிறது.

"மார்க் நல்லாத்தான் வந்திருக்கு சார்" என்றார் வெல்டர். சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை நான் வரலாமா என்று அக்காவிடம் கேட்டுச் சொல்லும்படி அவரிடம் மன்றாடினேன். வெள்ளிக்கிழமை பதில் கொண்டுவந்தார்.

"வரச் சொல்லலை. வரவேண்டாம்னும் சொல்லலை. துணி மடிச்சிட்டே இருந்தாங்க சார்."

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் நான் போகிறேன். அதிகாரி முன்னால் அருவிபோலப் பேசுகிறேன். கோப்பில் முத்திரை விழுகிறது. மகள் ஓடி வருகிறாள். அக்கா கண்ணீரோடு என் கையைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு பக்கம் சரசரவென்று வந்தது. அப்படி வந்ததே சந்தேகமாக இருந்தது. அதில் அக்காவுக்கு ஒரு வரிப் பேச்சுகூட இல்லை. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் ஆசிரியர் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறார். இது கதைக்காக மட்டும் எழுதியது அல்ல. நிஜமாகவே எழுதினேன், நான்கு பக்கம். மனைவி படித்துப் பார்த்து, "இதைப் படிக்க அந்தம்மா ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிட்டு வரணும்" என்றாள். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது முடிவில் அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காவலாளியோடு உள்ளே போகிறார். எழுதும்போதே தெரிந்தது, இது நியாயம். நியாயத்தை எழுதிவிட்டு அதைத் தண்டனையாக வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்ற ஆசையும் எனக்குள் இருந்தது. வெட்கத்துக்கு ஒரு சோம்பேறித்தனம் உண்டு. குனிந்த தலையோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லும்.

இந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பதும் அதுதானோ என்று

8

இன்று வியாழன். மேலே நிற்கும் வாக்கியத்தை முடிக்கவிடாமல் மனைவி வந்து கதவருகே நின்றாள். தேய்த்த சட்டை அவள் கையில் இருந்தது.

"மணி எட்டே முக்கால். எழுதி முடிச்சாச்சா?"

"முடிவு வரலை."

"வரலைன்னா விடுங்க. அது பத்து மணிக்கு அங்க வரும். நீங்க கிளம்புங்க."

சட்டையை வாங்கிக்கொண்டேன். அலுவலகத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அக்கா என்னை உள்ளே கூட்டிப் போவாரா என்று தெரியாது. கூட்டிப் போனால், அவர் சொல்லச் சொல்வதை மட்டும் சொல்வேன். அவர் சொன்னபடியே சொல்வேன். கூட்டிப் போகாவிட்டால் வெளியே பெஞ்சில் இருப்பேன். பதினோரு வயதுப் பெண் ஒருத்திக்காக அரை நாள் ஒரு பெஞ்சில் உட்காருவது எந்தக் கணக்கிலும் பெரிய காரியம் இல்லை. அந்தக் காவலாளியைப் பார்த்தால் கும்பிட வேண்டும்.

நோட்டையும் எடுத்துக்கொள்கிறேன். அது அவருடையது. பதினேழாம் பக்கத்தில், அவர் மூன்று முறை எழுதிய கேள்விக்குக் கீழே, என் சரிக்குறிகளை அடித்துவிட்டு, இப்போதுதான் பென்சிலில் பதில் எழுதினேன். அதையும் மூன்று முறை எழுதினேன்.

வருகிறேன்.
வருகிறேன்.
வருகிறேன்.

பத்து நாள் தாமதம். இதற்கு மதிப்பெண் போடுவதும் போடாததும் அவர் கையில். முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுவதாக இருந்தால், அக்காவை நிறையப் பேசவிடுங்கள். நடுவில் யாரும் திருத்த வேண்டாம்.

எட்டு ஐம்பத்தைந்து பேருந்தைப் பிடிக்க வேண்டும்.