போறேன் என்று சொன்ன செல்லப்பாண்டி

சண்முகவேல் அண்ணாச்சி எதையும் முடிவுவரை உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. அருப்புக்கோட்டையில் பருத்தி மண்டி வைத்திருந்த அவர், தன் கல்யாணத்தில் முதல் முடிச்சைப் போட்ட கையோடு, லோடு வந்திருக்கிறது என்று எழுந்து போனவர். மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார் போடுவதுதான் வழக்கம் என்பதால், வந்திருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. முடிவெட்ட உட்கார்ந்து வலது பக்கம் முடிந்ததும் எழுந்து போய், ஒரு மாதம் அப்படியே திரிந்தார். அந்த வருஷம் காலேஜ் பையன்கள் சிலர் அதே மாதிரி வெட்டிக்கொண்டார்கள். எழுந்து போகும்போது சொல்லிக்கொள்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. எதிரே இருப்பவர் பேசிக்கொண்டே இருப்பார், நாற்காலி காலியாக இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதரை உட்காரவைத்துக் காட்டுவதாகக் கனகலட்சுமி பந்தயம் கட்டியது தொண்ணூற்று நான்காம் வருஷம்.

மண்டிக்கு மேலே ஒரு அறையில் அண்ணாச்சி கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார். விருதுநகரில் அவருடைய சகலை ஒன்று திறந்ததுதான் காரணம். ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு வெல்வெட் உறை, சொல்லிக்கொடுக்கக் கனகலட்சுமி. படிக்கத்தான் ஆள் வரவில்லை. விசைத்தறிக்காரர் வீட்டுப் பெண் அவள். இந்த வேலை போனால் அப்பாவின் தறிக் கொட்டகையில் தார்க் குச்சியில் நூல் சுற்ற உட்கார வேண்டியதுதான். அப்பா தார் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, எதிரே ஒரு ஸ்டூலும் போட்டு வைத்திருந்தார். அந்த ஸ்டூல் தினமும் அவளைப் பார்த்தது.

தை மாதத் தொடக்கத்தில் அண்ணாச்சி மேலே ஏறி வந்தார்.

"ஏம்மா டீச்சரு, மாசி பொறந்தா பருத்தி வந்துரும். ரூம ஒழிச்சுக் குடுத்துரு. இந்தப் பெட்டிய மதுரையில ஒரு ஆளு கேக்கான்."

"பிள்ளைக வாரதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன் அண்ணாச்சி. வெளையாட்டு."

"பல்லாங்குழியா?"

"இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு கதை. பாக்குறவுகளே அந்தக் கதையில ஆளா மாறி நடப்பாக. ஊரு ஊராப் போவாக, எதுத்து வாரவங்க கிட்ட பேசுவாக, சண்ட போடுவாக, பலம் சேப்பாக. பெங்களூர்ல இருந்து எங்க மாமா மகன் ஒண்ணு கொண்டாந்தான். நான் நம்ம ஊருக்கு ஒண்ணு எழுதுறேன். வெளையாட வந்து உக்காந்தா படிக்கவும் உக்காருவாக."

"ஒருத்தனும் உக்கார மாட்டான். நானே உக்கார மாட்டேன்."

"நீங்க உக்காந்துட்டா?"

கீழே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பது படிக்கட்டு வழியே கேட்டது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. வியாபாரம் என்று வந்துவிட்டால் அவர் சிரிப்பதில்லை.

"முடிவு வரைக்கும் எந்திரிக்காம பாத்துட்டேன்னா ரூமு ஒனக்கு. பருத்திய என் வீட்டுக்குள்ள அடுக்கிக்கிர்றேன். நடுவுல எந்திரிச்சேன்னா நீ எறங்கிரணும்."

"சரி. ஆனா மாசி பொறக்குற வரைக்கும் எத்தன தடவ கூப்பிட்டாலும் வந்து உக்காரணும்."

"ஏறுறதுக்கு என்னம்மா, நல்லா ஏறுவேன்" என்றார் அண்ணாச்சி. கனகலட்சுமி திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இல்லை.

கனகலட்சுமி எழுதிய கதை இதுதான். ஊர்க் கிணறெல்லாம் வற்றிப் போகிறது. விளையாடுகிறவர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து கிளம்பி, பரளச்சி வழியாக, தண்ணீர் இருக்கும் இடம் தேடிப் போக வேண்டும். வழியில் நட்டுவாக்காலித் தேளும் வெறிநாயும் வரும், சீமைக்கருவேல முள் காலைப் பிடிக்கும். கூடவே வருகிறவன் செல்லப்பாண்டி, கிணறு வெட்டுகிறவன். தமிழ்ப் பேச்சுத்தான், ஆனால் திரையில் இங்கிலீஷ் எழுத்தில் வரும். லாரி நம்பரும் இங்கிலீஷ் தந்தியும் படித்துப் பழகியவர் என்பதால் அண்ணாச்சி எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்துவிடுவார்.

முதல் தடவை அவளுக்குத் தூரம் முக்கியமாகப் பட்டது. கரிசல் காட்டில் நடப்பது எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் திரையிலும் நடக்க வைத்தாள். அண்ணாச்சி பட்டனை அழுத்தினார், அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். வாசலில் கிளம்பிய மதுரை பஸ் மதுரைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. திரையில் ஆள் இன்னும் முதல் ஓடையைத் தாண்டவில்லை. கனகலட்சுமி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலி காலி.

"அக்கா, நீங்க நடக்க விடுறீங்க. அடிக்க விடணும்" என்றான் சௌந்தர். பக்கத்து அறையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவன். எதையும் வேகமாகச் செய்கிறவன், அவன் அடித்த கடிதங்களில் பாதி எழுத்துக்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். "அடிக்கொரு நட்டுவாக்காலி விடுங்க. மனுசன் எப்படி எந்திரிக்காருன்னு பாப்போம்."

விட்டாள். அதிலும் ஒரு சங்கடம் வந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் இடம் குறைச்சல். நட்டுவாக்காலிகளுக்கு இடம் கொடுக்க மனிதர்களின் பேச்சைக் குறைக்க வேண்டியிருந்தது. கதையில் யார் யாரிடம் விடைபெற்றாலும் "போயிட்டு வாரேன்" என்று எழுதியிருந்தாள். நீளமான சொல். "போறேன்" என்றால் இங்கிலீஷில் ஐந்தே எழுத்து. எல்லா இடத்திலும் "போறேன்" ஆக்கினாள். வீட்டில் வாசல் தாண்டும்போது, போய்வருகிறேன் என்பதைத் தெலுங்கில் "போயொஸ்தானு" என்று சொல்லாமல் அவள் ஒருநாளும் தெருவில் கால் வைத்ததில்லை. ஆனால் எழுத்து எண்ணுகிறவளுக்கு அந்த நேரத்தில் அது நினைவில் வரவில்லை.

அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். நட்டுவாக்காலிகளைக் கொன்றார். ஆரம்பத்தில் உற்சாகமாகக் கொன்றார், பிறகு கடமைக்குக் கொன்றார், பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டே கொன்றார். "இது கதையா, பஸ் ஸ்டாண்டா? ஒருத்தனயும் நின்னு பேச விட மாட்டேங்கிறயே" என்றார். அப்போது திரையில் டீக்கடைக்காரர் "போறேன்" என்றார். அடுத்த ஊரில் பூசாரி "போறேன்" என்றார். கடைசியாக, பாதை காட்டிவிட்டுத் திரும்பிய கர்ப்பிணிப் பெண் ஒருத்தி "போறேன்" என்றாள்.

அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, ஊரே ஒட்டுக்கா சாகப் போகுதா? வயித்துப் பிள்ளக்காரி வாயில வார வார்த்தையா இது?"

சட்டைப் பையிலிருந்த திருநீற்றை எடுத்துத் தனக்குப் பூசி, கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் பூசிவிட்டு இறங்கிப் போனார்.

"முடிஞ்சுதுக்கா" என்றான் சௌந்தர். "தார் மிஷின்ல உக்காரப் பழகிக்கங்க."

"நான் தார் சுத்த மாட்டேன்."

"மாசி பொறக்கப் போகுதே."

"பொறக்கட்டும். பேசாம இரு, நான் யோசிக்கணும்."

அவள் கீழே மண்டிக்குப் போய் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து அண்ணாச்சியைப் பார்த்தாள். இந்த மனிதர் எப்போது எழுந்திருக்கிறார் என்பதைவிட, எப்போது எழுந்திருப்பதில்லை என்று பார்த்தாள். விடை தராசில் இருந்தது. மூட்டையை ஏற்றியதும் தராசின் முள் ஆடும். அது ஆடுகிறவரை அண்ணாச்சி கண் இமைப்பதில்லை. ஒரு தடவை முள் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு காளை மாடு மண்டிக்குள் வந்து அவர் தோள் துண்டை முழுசாகத் தின்றுவிட்டுப் போனது, அவருக்குத் தெரியவில்லை. முள் நின்ற அடுத்த நொடி எழுந்துவிடுவார்.

கதையிலும் ஒரு முள் நிற்பதற்குள் அடுத்த முள்ளை மெதுவாக ஆட்டிவிட வேண்டும். எல்லா முள்ளையும் சேர்த்து ஆட்டினால் அது சௌந்தரின் காரியம். ஒன்றையும் ஆட்டாவிட்டால் அது அவள் முதலில் செய்தது. இது புரிந்ததும் இன்னொன்றும் புரிந்தது. அத்தனை நட்டுவாக்காலிகள் செய்யாததை ஒரே ஒரு சொல் செய்திருந்தது. பயப்பட வைத்திருந்தது. எல்லாரும் சொன்னதால் அது பிழையாகிவிட்டது. ஒருவன் மட்டும் சொன்னால்?

மேலே போய் நட்டுவாக்காலிகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தாள். அந்த இடத்தில் எல்லாருக்கும் "போயிட்டு வாரேன்" திரும்பி வந்தது. டீக்கடைக்காரர் சொன்னார், பூசாரி சொன்னார், கர்ப்பிணிப் பெண் இரண்டு தடவை சொன்னாள். செல்லப்பாண்டிக்கு மட்டும், கதை நடுவில், ஒரு சின்ன இடத்தில், பீடி வாங்கக் கடைக்குப் போகும்போது "போறேன்" என்று எழுதினாள். பீடி வாங்கிக்கொண்டு அவன் திரும்பியும் வந்துவிடுவான். ஒன்றும் நடக்காது. நடக்காமல் வைத்துக்கொண்டே போவதற்குத்தான் அவளுக்கு மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மாசி பிறப்பதற்கு முதல் நாள் அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். கீழே முதல் லாரி வந்து நின்றுகொண்டிருந்தது.

"சீக்கிரம் ஆகட்டும். லோடு எறக்கணும்" என்று உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் பேர் கேட்டது. அண்ணாச்சி தன் பேரோடு மண்டிப் பேரையும் சேர்த்து அடித்தார்.

நடந்தார். முதல் கிணற்றில் தண்ணீர் இல்லை, ஆனால் யாரோ அன்று காலைதான் கயிறு விட்டிருந்த தடம் இருந்தது. யார் என்று தெரிவதற்குள் நாய் வந்தது. நாயை அடித்து முடிப்பதற்குள் டீக்கடையில் ஒருவர், பரளச்சிப் பக்கம் மண் ஈரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, "போயிட்டு வாரேன்" என்று போனார். கடை வாசலில் கொஞ்சம் இளைப்பாற இடமும் இருந்தது. அண்ணாச்சி திரையில் இளைப்பாறியதோடு நாற்காலியிலும் சாய்ந்துகொண்டார். அப்போது செல்லப்பாண்டி பீடி வாங்கக் கிளம்பினான்.

"போ... றேன்" என்று வாசித்தார் அண்ணாச்சி. நிமிர்ந்தார். "இவன் மட்டும் என்ன போறேங்கிறான்?"

கனகலட்சுமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லப்பாண்டி பீடியோடு திரும்பி வந்தான். அண்ணாச்சி அவனிடம் மறுபடி பேச்சுக் கொடுத்தார். மண்ணைப் பற்றிப் பேசினான், கயிற்றைப் பற்றிப் பேசினான். அதற்கப்புறம் அண்ணாச்சி அவனை முன்னால் நடக்க விடவில்லை. நாய் வந்தால் குறுக்கே விழுந்தார். தன் கஞ்சியை அவனுக்குக் கொடுத்தார்.

லாரி டிரைவர் இருளப்பசாமி படியேறி வந்தார். "அண்ணாச்சி, லோடு நிக்குது."

"நிக்கட்டும்யா."

இந்த வார்த்தையைக் கேட்ட டிரைவர், அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து அங்கேயே நின்றார். நின்றவர் திரையைப் பார்த்தார். லாரி தெருவை மறித்து நின்றதால் பின்னால் திருச்சுழி பஸ் நின்றது. லாரி டிரைவரைத் தேடி பஸ் கண்டக்டர் வந்தார், கண்டக்டரைத் தேடிப் பயணிகள் வந்தார்கள். கூட்டம் படிக்கட்டு வழியாக மண்டி வரை நின்றது. திரையில் வருவதை மேலே இருந்தவர் சொல்ல, படிக்குப் படி அது இறங்கி, தெருவில் கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும்போது வெறிநாய் புலியாகியிருந்தது.

கடைசிக் கிணற்றை நெருங்கும்போது திரை இருண்டது. மின்விசிறி நின்றது.

"கரண்டு போயிருச்சு" என்றான் சௌந்தர்.

"போயிட்டு வரும்னு சொல்லுலே" என்று சீறினார் அண்ணாச்சி.

விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வசதியைக் கனகலட்சுமி எழுதியிருக்கவில்லை. கரண்டு வந்தாலும் ரெட்டியபட்டியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அதை அவரிடம் சொன்னாள். எழுந்திருக்க இதைவிட நல்ல சாக்கு யாருக்கும் கிடைக்காது. வேர்வை ஆறாக ஓடியது, சௌந்தர் தன் டைப்ரைட்டர் நனையாமல் அதைத் தூக்கி மேஜை மேல் வைத்தான். அண்ணாச்சி சட்டையைக் கழற்றினாரே தவிர நாற்காலியை விட்டு நகரவில்லை. கரண்டு வந்தது. மறுபடி பேரையும் மண்டிப் பேரையும் அடித்து, ரெட்டியபட்டியிலிருந்து கிளம்பினார். டீக்கடை வந்ததும் செல்லப்பாண்டியைக் கடைக்கு விடாமல் இருக்க, தன்னிடம் இருந்த பீடியைக் கொடுத்துப் பார்த்தார். அவன் வாங்கிக்கொண்டு, "போறேன்" என்றான்.

கடைசிக் கிணற்றில் செல்லப்பாண்டி இறங்கினான். இறங்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டான் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அடியில் பாறை உடைந்து, திரை நிறையத் தண்ணீர் ஏறி வந்தது. தண்ணீரின் மேல் கயிறு மட்டும் மிதந்தது.

அதோடு முடிந்தது.

"அப்பவே சொன்னான்" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "பீடிக்குப் போறப்பவே சொன்னான். நாந்தான் கேட்டுக்கிட்டே விட்டுட்டேன்."

இருளப்பசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் ஊத வாயில் வைத்து, ஊதாமல் எடுத்துவிட்டார்.

அண்ணாச்சி சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்தார். ரூமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் வழிவிட்டது. கனகலட்சுமி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் படியில் கால் வைத்தவர் நின்று திரும்பினார்.

"போயிட்டு வாரேம்மா."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதுவரை யாரும் கேட்டதில்லை. கீழே அவருடைய குரல் கேட்டது: "ஏலே, மூட்டைய மேல ஏத்தாதீக. வீட்டுக்குக் கொண்டு போங்க."

கனகலட்சுமி அப்போதுதான் உட்கார்ந்தாள். அன்றைக்கு முழுக்க அவள் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

சொன்னபடி அண்ணாச்சி கொஞ்ச நேரத்தில் திரும்பியும் வந்தார். டிரைவரின் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தார்.