செத்தது போக மிச்சம்

மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் நாற்பது குடித்தனத்துக்கும் மூட்டைப்பூச்சி மருந்து தூவுகிற வேலை கிடைத்தால் சலாவுதீன் பிழைத்தார். இல்லாவிட்டால் தாராவித் தோல் மண்டியில் மச்சானிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். மச்சானை நினைத்தாலே அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"நாளைக் காலையில பாருங்கம்மா. பத்தும் மல்லாந்து கிடக்கும்" என்று கட்டடக் காரியதரிசி விஜயலக்ஷ்மியம்மாளிடம் சொல்லி, கண்ணாடித் தம்ளரில் டி.டி.டி. பொடியைத் தூவி, கொண்டுவந்த பத்துப் பூச்சிகளை அதில் விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், பத்தும் சௌபாத்திக் கடற்கரையில் காற்று வாங்க வந்த குடும்பம் மாதிரி பொடிமேல் உலாவிக்கொண்டிருந்தன.

"என்ன பாய், மருந்து போட்டேளா, சத்துமாவு போட்டேளா?" என்றார் விஜயலக்ஷ்மியம்மாள்.

மூன்றாம் மாடி வெங்கடராமன், கல்லூரியில் விலங்கியல் வாத்தியார், தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எங்கே பிடிச்சீர் இதுகளை?"

"எங்க வீட்டு ஜாடியிலதான் சார். போற எடத்துல எல்லாம் காட்டணும்லா? மூணு வருசமா வளக்கேன்."

"தம்ளர்லே எல்லாம் செத்துட்டா, அப்புறம் ஜாடிக்கு ஏது?"

"மொதல்லல்லாம் பத்துல ஒம்பது சாவும். தப்பிச்ச ஒண்ணை வீணாக்குவானேன்னு திரும்ப ஜாடியில போட்டுருவேன். அது முட்டை போட்டுப் பெருகும்."

வெங்கடராமனுக்குச் சிரிப்பில் புரையேறியது. "பேஷ்! சாகிறதையெல்லாம் கழிச்சுட்டு, சாகாததுக்கு மட்டும் வம்சம் விருத்தி பண்ணிக் குடுத்திருக்கீர்!"

"அப்பம் மருந்தை மாத்திரட்டா?"

"மாத்தும். எந்த மருந்துக்கும் பூச்சி தப்பிக்க வழி நாலுதான். தோல் தடிச்சுக்கலாம், விஷத்தை உள்ளேயே முறிச்சுக்கலாம், நரம்பு மரத்துப் போகலாம், மருந்து பட்ட இடத்தை விட்டு ஓடலாம். அமெரிக்கா மூட்டைப்பூச்சியும் இந்த நாலுக்குள்ளேதான் சுத்தணும். ஒண்ணுக்கொண்ணு கடுதாசி போட்டுக்கலை ஓய், அந்த உடம்புலே வேற வழி இல்லை."

சலாவுதீனுக்கு உயிர் வந்தது. "எதுக்குத் தப்பிக்க அதுக்கு வழியே இல்லியோ, அதைச் சொல்லுங்க சார்!"

"கொதிக்கிற வெந்நீர்."

விஜயலக்ஷ்மியம்மாள் எழுந்துவிட்டார். "வெந்நீர்தானே? எங்க அடுப்புலேயே இருக்கு. நீங்க போயிட்டு வாங்கோ பாய்."

வீட்டில் மனைவி மர்யம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இனி என்ன வழி?" என்றாள்.

"எனக்கும் நாலுதான்ளா. உங்கண்ணன்கிட்ட தோல் சுமக்கலாம். தெருவுல கூவி விக்கலாம். ஊருக்கு ரயிலேறலாம்."

"நாலாவது?"

நாலாவது தானே நடந்து வந்தது. மூன்று நாள் கழித்து வெங்கடராமன்தான் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தாராவிச் சந்துக்குள் வந்தார்.

"அந்த ஜாடி எங்க காலேஜ் ஆராய்ச்சிக்கு வேணும் பாய். விலைக்கு வாங்கினாலும் இப்படி ஒரு வம்சம் கிடைக்காது. நீரும் கூடவே வாரும், மாசச் சம்பளம். ஆமா, ஆகாரம் என்ன கொடுக்கறீர்?"

சலாவுதீன் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கை வரை சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. ஜாடி வாயில் கட்டிய மெல்லிய துணிமேல் கையை வைத்தார். கீழேயிருந்து பந்தி எழுந்து வந்தது.

"போதும் போதும், வேலை உமக்குத்தான்" என்று வெங்கடராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் தலை மறைந்ததும் மர்யம் கேட்டாள்: "அண்ணன் என்ன வேலைன்னு கேட்டா என்னத்தைச் சொல்ல?"

"காலேஜுல சாப்பாட்டு இலாகான்னு சொல்லு."