ஹுவாஷெங் என்றால் மல்லாட்டை

லின் யுவே அன்றைக்கு நான்கு முறை சொன்னாள். நான்கு முறையும் ஜெயக்கொடி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஜெயக்கொடியின் மெஸ்ஸில் உட்கார இடமில்லை. செருப்புக் கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்திருந்த சீனாக்காரர்கள் ஆறு பேர் கோட்டை ஏறி இறங்கி, முகமெல்லாம் சிவந்து, இரண்டு மேசையை நிறைத்திருந்தார்கள். அவர்களில் ஒரே பெண் லின் யுவே. முப்பது வயது இருக்கும். போனில் மொழிபெயர்த்துக் காட்டிப் பேசுபவள்தான். அன்று அதில் சார்ஜ் இல்லை. அதனால் கையை ஆட்டி, "ஹுவாஷெங், ஹுவாஷெங்" என்றாள். வெளிநாட்டுக்காரர்கள் கையை ஆட்டினால் காரம் வேண்டாம் என்று அர்த்தம், ஜெயக்கொடிக்குத் தெரிந்த வரையில்.

"நோ காரம்மா, நோ காரம்" என்று சொல்லி, வேர்க்கடலையை, அந்த ஊர் மல்லாட்டையை, பொடித்துத் தூவிய கத்தரிக்காய்ப் பொரியலை இலையில் வைத்தாள்.

இரண்டு வாய்தான். லின் யுவேவின் உதடு தடித்தது. கழுத்தில் திட்டுத்திட்டாகச் சிவந்தது. மூச்சு விசிலடிப்பது போல இழுத்தது. கூட வந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். ஜெயக்கொடியின் புருஷன் விநாயகம் ரோட்டில் போன ஆட்டோவைக் குறுக்கே நின்று மறித்தான். ஜெயக்கொடி அந்தப் பெண்ணைத் தோளோடு அணைத்து ஏற்றி, ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் முதுகைத் தடவிக்கொண்டே போனாள். ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மூச்சு சீரானது.

கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தமிழினி, அவலூர்பேட்டைக்காரி, விஷயம் கேட்டு ஓடிவந்தாள். ஜெயக்கொடி கேட்ட முதல் கேள்வி:

"அந்தப் பொண்ணு இன்னாமோ ஹுவா, ஹுவான்னுச்சே. அப்டின்னா இன்னா?"

"மல்லாட்ட, அக்கா. அவங்களுக்கு அது ஒத்துக்காது. உயிருக்கே ஆபத்து."

ஜெயக்கொடி விரல் விட்டு எண்ணினாள். நான்கு முறை.

மறுநாள் விநாயகம் முடிவாகச் சொன்னான். "இனிமே அவங்க வந்தா சாப்பாடு தீந்துடுச்சுன்னு சொல்லிடு. நமக்கு எதுக்கு இந்த டென்ஷன்? எதுனா ஆயிருந்தா போலீஸ் ஸ்டேஷன்ல நின்னிருப்போம்."

"நாலு தடவ சொல்லுச்சுய்யா. வாயத் தொறந்து சொன்னத நான்தான் காதுல வாங்கல. சாப்பாடு தீந்துடுச்சுன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது?"

"அப்ப இன்னா, சீனா பாஷ படிக்கப் போறியா?"

"ஆமா."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

தமிழினி குரல் பதிவுகளாக அனுப்பினாள். காலையில் மாவு அரைக்கும்போது போன் கிரைண்டர் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும். மீஃபான் என்றால் சோறு. தாங் என்றால் ரசம் மாதிரி எதுவும். ஷுவெய் தண்ணீர். பூ லா, காரமில்லை. இதெல்லாம் ஒரு வாரத்தில் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. 'யோ'தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. 'யோ' என்றால் இருக்கிறது. 'யோ' என்றால் எண்ணெயும்தான். கேள்வி கேட்பது போலக் குரல் மேலே ஏறினால் எண்ணெய். கீழே இறங்கித் தொய்ந்து எழுந்தால் இருக்கிறது. 'மெய்யோ' என்றால் இல்லை.

"அக்கா, இருக்குதுன்னு சொல்றதுக்குப் பதிலா எண்ணெய்ன்னு சொல்றீங்க" என்று தமிழினி போனில் சிரித்தாள்.

"சிரிக்காத தமிழினி. இதுல தப்பு பண்ணா இன்னொரு உசிரு போவும். மறுபடியும் சொல்லு."

காய் நறுக்கும்போது சொன்னாள். பஸ்ஸில் சொன்னாள், பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் போனாள். சமையலறையையும் மாற்றினாள். மல்லாட்டை எண்ணெயும் பொடியும் ஒரு மூலைக்குப் போயின. இன்னொரு பக்கம் நல்லெண்ணெய்க்கென்று புது வடசட்டி, புதுக் கரண்டிகள். அந்தக் கரண்டிகளின் காம்பில் சிவப்புத் துணி சுற்றினாள். மல்லாட்டை விளையும் ஊரில் இது என்ன கூத்து என்று கேட்டவர்களின் முன்னாலேயே இன்னொரு சுற்றுத் துணியை இறுக்கினாள்.

நான்கு ஞாயிறு சீனாக்காரர்கள் யாரும் வரவில்லை. விநாயகம் சிவப்புத் துணிக் கரண்டியைப் பார்ப்பான். அவள் அதைக் கழுவித் துடைத்து மாட்டுவாள்.

ஐந்தாவது ஞாயிறு வேன் வந்து நின்றது. லின் யுவேவும் இறங்கினாள். கையில் ஒரு டப்பா. தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூட தமிழினியும் வந்திருந்தாள்.

ஜெயக்கொடி கையைத் துடைத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"துவெய்புச்சி" என்றாள். மன்னித்துக்கொள் என்று அர்த்தம். பிறகு சமையலறையைக் காட்டி, "லாய், கான்" என்றாள். வா, பார்.

லின் யுவே தமிழினியைப் பார்த்தாள். தமிழினி வாயைத் திறக்கவில்லை. அப்படித்தான் ஜெயக்கொடி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவைக் கையில் பிடித்தபடியே லின் யுவே உள்ளே வந்தாள்.

சோற்றுக் குண்டானைத் தொட்டு அவள் கேட்டாள். "ஹுவாஷெங்?"

"மெய்யோ."

ரசம். "மெய்யோ." சாம்பார். "மெய்யோ." எண்ணெய் டின்னைக் காட்டிக் கேட்டாள். ஜெயக்கொடி மூடியைத் திறந்து மோந்து பார்க்கக் கொடுத்தாள். நல்லெண்ணெய் வாசம்.

கோஸ் பொரியல். "மெய்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பொரியல் சட்டியில் கிடந்த கரண்டியில் சிவப்புத் துணி இல்லை. அப்பளம் பொரித்த மல்லாட்டை எண்ணெய்க் கரண்டி அது. விநாயகம் அவசரத்தில் போட்டிருக்கிறான்.

அவன் அவள் காதருகே வந்தான். "ஒரு சொட்டுகூட இருக்காது. இல்லன்னே சொல்லிடேன். இவ்ளோ நாள் பட்ட பாடு வீணாப் பூடும்."

"வாய மூடு."

ஜெயக்கொடி லின் யுவேவை நேராகப் பார்த்தாள். குரலைக் கீழே இறக்கி, தொய்யவிட்டு, எழுப்பினாள். "யோ." பொரியல் சட்டியைக் காட்டி மறுபடியும் சொன்னாள். "ஹுவாஷெங், யோ." சட்டியை அப்படியே தூக்கி மல்லாட்டை மூலைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

இவ்வளவுதான், இனி இவள் சாப்பிடமாட்டாள் என்று நினைத்தாள்.

லின் யுவே அந்தச் சட்டியையும் ஜெயக்கொடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தமிழினியிடம் வேகமாக ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்லுது?"

"எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருக்கமாட்டாங்களாம். எந்த ஊர்லயும் ஓட்டல்ல இல்லன்னுதான் சொல்லுவாங்களாம்."

லின் யுவே தன் டப்பாவைத் திறக்காமல் ஓரமாக வைத்தாள். இலை போடச் சொல்லிக் கை காட்டினாள். சோறும் ரசமும் மட்டும். முதல் வாயை நெடுநேரம் மென்றாள். அன்றைக்குப் பிறகு கூடவே கொண்டுவரும் ஊசி மருந்தை மேசையில் பக்கத்திலேயே வைத்திருந்தாள். ஜெயக்கொடி நகராமல் நின்றாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒன்றும் ஆகவில்லை. "தாங்" என்று லின் யுவே கையைக் குழித்துக் காட்டினாள். ஜெயக்கொடி ரச வாளியோடு ஓடினாள்.

கை கழுவிவிட்டு வந்த லின் யுவே தமிழினி மூலம் ஒன்று கேட்டாள். ஹுவாஷெங்கை இந்த ஊரில் எப்படிச் சொல்வார்கள்? போன் நிலக்கடலை என்கிறது.

"அதெல்லாம் பொஸ்தகத்துல. இங்க வேற கடையில சாப்ட்டா அந்தப் பேரு போதாது. மல்லாட்டன்னு சொல்லச் சொல்லு."

"மலாத்தே" என்றாள் லின் யுவே.

"இல்ல. மல்... லாட்ட." ஜெயக்கொடி நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். பரிமாற ஆள் கேட்டு விநாயகம் கூப்பிட்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நாக்க மடக்கு. இன்னொரு தடவ சொல்லு."