முடியாது சாரின் ‘சரி’

அலுவலகத்தில் அவருக்கு ‘முடியாது சார்’ என்றுதான் பெயர். கட்டட அனுமதிப் பிரிவில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மனுவைப் பிரிக்கும் முன்பே அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார். சாயங்காலம் ஜன்னலும் அவர்கூடவே வீட்டுக்கு வந்துவிடும். வெளியே நிற்பது மனைவி, அவ்வளவுதான் வித்தியாசம். கடலோர ஊரில் இருக்கும் தன் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வரட்டுமா என்று கல்யாணமான புதிதிலிருந்து அவள் கேட்டுப் பார்க்கிறாள். முடியாது. ஏன் என்று கேட்டால் அதைச் சொல்லவும் முடியாது.

ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் வந்தது. கை கால் சீக்கிரமே தேறிவிட்டது, பேச்சுதான் போய்விட்டது. போன பேச்சு ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. பசிக்கிறதா? சரி. பசிக்கவில்லையா? சரி. ஆயுசு முழுக்க மனிதர் செலவழிக்காமல் வைத்திருந்த சொல் அது ஒன்றுதானே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதாள்.

மகன் அழவில்லை. அப்பாவின் நாற்காலியை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

“முன் ரூமை நான் எடுத்துக்கட்டாப்பா?”

“சரி.”

“உங்க ஸ்கூட்டர் சும்மாதானே நிக்குது?”

“சரி.”

“வீட்டை இடிச்சிட்டு அடுக்குமாடி கட்டிடலாமாப்பா?”

அப்பாவின் தலை கூடாது என்று ஆடியது. வாய் சரி என்றது. மகன் வாயை மட்டும் பார்த்தான். “அப்பா இப்பதாம்மா தங்கமா மாறியிருக்காரு” என்று கண்ணைக் கசக்க வேறு செய்தான்.

அவளும் ஒரு நாள் கேட்டாள். “என்னங்க, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரட்டா?”

“சரி.”

அவள் அவருடைய தலையைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை. பையில் துணியெல்லாம் எடுத்து வைத்த பிறகு, அதை மூடத்தான் கை வரவில்லை. தூங்குகிறவர் சட்டைப் பையில் கைவிட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு வேண்டியது அந்த மனிதர் மனசாரச் சொல்லும் சரி. ஒன்றே ஒன்று போதும்.

அதற்காகத்தான் காந்த சிகிச்சைக்குக் கூட்டிப் போனாள்.

“மண்டையத் திறக்க மாட்டோம்மா, ஊசிகூட கிடையாது” என்றார் நரம்பு டாக்டர். “இந்தச் சுருளைத் தலைக்கு வெளிய வச்சா காந்தத் துடிப்பு உள்ள போகும். சாருக்குப் பேச்சு மூளையோட இடது பக்கம், வாதம் அடிச்சதும் அங்கதான். வலது பக்கம் சும்மா இருக்காம நடுவுல புகுந்து நாட்டாமை பண்ணுது. அதை அடக்கி வச்சா இடது பக்கம் தலைதூக்கலாம். எல்லாருக்கும் பலன் தரும்னு சொல்ல மாட்டேன். பேச்சுப் பயிற்சியும் கூடவே பண்ணணும்.”

டாக்டர் மூளையைச் சொல்கிறாரா, நம் குடும்பத்தைச் சொல்கிறாரா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

“அப்ப இவர் சொல்ற சரி?”

“அது சம்மதம் இல்லம்மா. வாயில மாட்டிக்கிட்ட சத்தம். அதுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது.”

மகனுக்கு இது பிடிக்கவில்லை. “வயசான காலத்துல அவர் மூளைய எதுக்கும்மா நோண்டணும்?” அப்பாவின் மூளை மேல் அவனுக்கு இவ்வளவு அக்கறை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தினமும் சாய்வு நாற்காலி, காதில் அடைப்பான், தலையோரம் சுருள். டொக் டொக் என்று அது தட்டும்போதெல்லாம், எவனோ அனுமதி வாங்காமல் தலைக்குள் கட்டட வேலை பார்க்கிற மாதிரி அவர் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு படம் காட்டிப் பயிற்சி. நாற்காலிக்கும் சரி, பூனைக்கும் சரி. சில வாரம் கழித்துப் பூனைக்கு ‘பூ’ வந்தது. அவள் அந்தப் படத்தைக் கும்பிடாத குறைதான்.

மகன் அவசரப்பட்டான். ஒப்பந்தக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்து, வரைபடத்தை மேஜையில் விரித்தான். “அப்பா, இதுக்குச் சம்மதம்தானே?”

அவர் வாய் கோணியது. தொண்டை இழுத்தது. “மு... முடியாது.”

அந்த ஜன்னலில் வருஷக்கணக்காக நின்றவர் ஒப்பந்தக்காரர். குரலை அடையாளம் கண்டுகொண்டு, வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கியபடி எழுந்துவிட்டார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைதட்டினாள், கண்ணைத் துடைத்தாள். சூடு ஆறுவதற்குள் அவர் எதிரில் போய் நின்று, “என்னங்க, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரட்டா?” என்றாள். இந்தத் தடவை தலையையும் பார்த்தாள்.

தலையும் வாயும் ஒத்துப்போயின. “முடியாது.” திக்கக்கூட இல்லை.

வெயிலிலும் மழையிலும் இவரை இழுத்துக்கொண்டு அலைந்தது இதற்கா? அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது.

“சரி” என்றாள்.

உள்ளே போய், அன்றைக்கு மூடாமல் விட்ட பையை மூடி எடுத்து வந்து, செருப்பை மாட்டினாள். “ஸ்கூட்டர் உன்கிட்டதானே இருக்கு? நாளையிலேர்ந்து அப்பாவ நீயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

மகன் பதறினான். “எங்கம்மா கிளம்பிட்ட? அவர் முடியாதுன்னாரு, நீயும் சரின்னியே!”

“அது வாயில மாட்டிக்கிட்ட சத்தம்டா” என்றாள் அவள். “அதுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது.”