பத்து நிமிடம் ஆளில்லாத கம்பெனி

இரண்டு தாள்கள். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே ஆளின் கையெழுத்து. முதல் தாளில், கம்பெனியின் ஒரே இயக்குநர் காலை பத்து மணிக்குப் பதவி விலகுகிறார். இரண்டாவதில், பத்து பத்துக்கு அவரே, கம்பெனியை வாங்கிய லிஃப்ட் மெக்கானிக்கைப் புது இயக்குநராக நியமிக்கிறார்.

"பத்து மணிக்கே போயிட்டவர் பத்து பத்துக்கு எப்படிம்மா நியமிச்சார்?" என்று கேட்டுவிட்டு, வங்கி அதிகாரி விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

மெக்கானிக் தாள்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பதினெட்டு வருடம் அடுத்தவர் நிறுவனத்துக்காக லிஃப்ட் பழுதுபார்த்தவள், ஓர் எட்டு மாடிக் கட்டடத்தின் பராமரிப்பு வேலைக்கு முதன்முறையாகச் சொந்தமாக விண்ணப்பிக்கிறாள். வேலையைக் கம்பெனிகளுக்கு மட்டுமே தருவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனி பெயரில் வங்கிக் கணக்கு காட்ட வேண்டும். புதிதாகப் பதிவு செய்ய மூன்று வாரம் ஆகும் என்பதால் தயாராக இருந்த ஒன்றை வாங்கினாள். விற்பதற்கென்றே சிலர் கம்பெனிகளைப் பதிவு செய்து, எந்த வியாபாரமும் செய்யாமல் தூங்கவிட்டு வைத்திருப்பார்கள். பங்குகளையும் இயக்குநரையும் மாற்றினால் நம்முடையதாகிவிடும்.

இன்று புதன்.

"வித்தவர் மலையேறிட்டாராம் அண்ணி," என்றாள் காகித வேலைகளைக் கவனிக்கும் நாத்தனார், போனை வைத்தபடி. "நிஜமாவே மலை. சிக்னல் கிடையாது. அடுத்த வாரம் இறங்கினாத்தான் அவர்கிட்ட மறுபடி கையெழுத்து வாங்க முடியும்."

"நல்லாயிருக்கு."

"நீங்க வாங்கினது தூங்குற கம்பெனி இல்ல, மயக்கம் போட்ட கம்பெனி. பேசாம பத்தைப் பத்தரைன்னு திருத்திடலாமா?"

"பதிவு அலுவலகத்துல நகல் இருக்குடி. கம்பெனி எந்திரிக்கிறதுக்குள்ள நான் உள்ள போயிடுவேன்."

மெக்கானிக் இரண்டு தாள்களையும் மேசையில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தாள். லிஃப்டுக்கு வடம் மாற்றும்போதும் இப்படித்தான். பழையதைக் கழற்றிய பிறகே புதியதை மாட்ட முடியும். நடுவில் வடமே இல்லாத நேரம் ஒன்று உண்டு. ஆனாலும் பெட்டி விழுவதில்லை. முன்கூட்டியே அதை மேலே உள்ள உத்தரத்தில் சங்கிலியால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.

"இயக்குநர்ங்கிறது வடம். அப்போ இதுக்கு உத்தரம் யாரு?"

"என்னைக் கேட்டா?"

"பங்கு மாத்தின பத்திரத்தை எடு. மணி என்ன போட்டிருக்கு?"

"அதே தேதி, ஒன்பதரை. எல்லாப் பங்கும் உங்க பேருக்கு."

"பத்து மணிக்குக் கம்பெனி அந்தரத்துல நிக்கலடி. என்மேல தொங்கிட்டு இருந்திருக்கு."

கம்பெனியின் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பதினாறாம் பக்கத்தில் இருந்தது: இயக்குநர் எவரும் இல்லாதபோது பங்குதாரர்கள் கூடி ஒருவரை நியமிக்கலாம்; பங்குதாரர் ஒருவரே என்றால் அவர் எழுதிக் கையெழுத்திட்டாலே போதும்.

"நீங்களே கூட்டம், நீங்களே தலைவர்," என்றாள் நாத்தனார். "சண்டையில்லாத கூட்டம் நம்ம வீட்டுல இதுதான் முதல் தடவை."

மெக்கானிக் ஒரு புதுத் தாளில் அன்றைய தேதியிட்டு எழுதிக் கையெழுத்திட்டாள்: "எல்லாப் பங்குகளையும் வைத்திருப்பவள் என்ற முறையில், இன்று என்னை இக்கம்பெனியின் இயக்குநராக நியமிக்கிறேன்." அன்று மாலையே அதைப் பதிவு செய்தார்கள். வியாழக்கிழமை காலை, அந்தத் தாளையும் பங்குப் பத்திரத்தையும் பார்த்து வங்கி கணக்கைத் திறந்தது. விலகிப்போனவரின் கையெழுத்து எதற்கும் தேவைப்படவில்லை. இயக்குநர் இல்லாத கம்பெனிக்கு இயக்குநரை நியமிக்க, அதன் சொந்தக்காரர் போதும்.